நூலைத் தடுத்தலும் பாடத்தை விலக்கலும்

ஒரு நூலைத் தடை செய்தல் எக்காலத்தேனும் தகுமா என்னும் வினாவிற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். எழுத்துரிமை என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே தகாது என்பார் ஒரு சாரார். தம் சமயத்தையோ குலத்தையோ குறித்து ஒரு வரி கண்ட அளவிலே தகும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பல வேளைகளில் ஒரே மனிதராயிருப்பதுதான் விந்தை. பிறர் நெஞ்சம் புண்படும்போது உரிமை பேசுவார். தம் நெஞ்சம் புண்படும்போது தடை கேட்பார்.

நம் நாட்டுத் தமிழர் இவ்வினாவை நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது 'இண்டர்லோக்' என்னும் மலாய் நாவலால். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த அப்பூசல் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அடங்கிற்று. சூடு ஆறிய பின்னரே சுவை தெரியும். ஆகவே அதனை இப்போது எடுத்து ஆராய்தல் பொருந்தும்.

நூலாசிரியர் அப்துல்லா ஹுசைன் நம் கெடா மாநிலத்தார். யான் வட்டாரத்துச் சுங்கை லீமாவில் 1920-ஆம் ஆண்டு பிறந்தவர். பீடோங், குரூண் பகுதித் தோட்டங்களிலிருந்து நோக்கினால் ஜெராய் மலைக்கு அப்பால் உள்ள ஊர் அது. மலைக்கு இப்பால் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழரும், அப்பால் நெல்வயலிடையே வளர்ந்த அவரும் ஒரே மலையை இரு பக்கத்திலிருந்து கண்டவர்கள் எனலாம். நாடு விடுதலை பெற்ற பத்தாம் ஆண்டை ஒட்டி நடந்த நாவல் போட்டிக்கென 1967-இல் அவர் எழுதிய கதை, 1971-இல் டேவான் பகாசா டான் புஸ்தாகா வெளியீடாக வந்தது. 1996-இல் அவருக்குத் தேசிய இலக்கியவாதி என்னும் உயர்ந்த விருது கிடைத்தது. இதே நாவல், மாணவர் பதிப்பாகத் திருத்தப்பெற்று, 2011-ஆம் ஆண்டுமுதல் ஐந்தாம் படிவ மாணவர்க்கு மலாய் இலக்கியப் பாடநூலாயிற்று. சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களுக்கே அது வைக்கப்பட்டது. கெடாப் பள்ளிகளில் அது பாடமாயிருந்ததில்லை. ஆதலால் நம் பக்கத்தில் அதனைப் பற்றிப் பேசியோர் பலர். படித்தோர் மிகச் சிலர்.

அவ்வாறு பேசியோர்க்காக நூலின் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். அது நான்கு பகுதிகளை உடையது. முதற் பகுதி செமான் என்னும் மலாய்க்காரனின் குடும்பத்தைப் பற்றியது. இரண்டாவது சிங் ஹுவாட் என்னும் சீனனின் குடும்பத்தைப் பற்றியது. மூன்றாவது மணியம் என்பவனின் குடும்பத்தைப் பற்றியது. நான்காம் பகுதியில் மூன்று குடும்பங்களும் ஒன்றோடொன்று பிணைகின்றன. 'இண்டர்லோக்' என்னும் பெயரின் கருத்தும் அதுவே. 1957-ஆம் ஆண்டு விடுதலையோடு கதை முடிகின்றது. மூவினமும் சேர்ந்தே இந்நாடு ஆயிற்று என்று காட்டுவதே ஆசிரியரின் நோக்கம். அந்நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. தம் இனத்தாரையும் அவர் உயர்த்திப் பிடிக்கவில்லை என்பதை நடுநிலையாளர் ஒப்புக்கொள்வர். செமானின் தந்தை எழுத்தறியாதவர். நிலத்தைக் கடனுக்கு இழந்தவர். தந்தை இறந்த பின்னரே தாம் குடியிருக்கும் நிலம் தமதன்று என்பதை மகன் அறிகின்றான். அப்பகுதியை எழுதிய கை தேர்ந்த கை.

மூன்றாம் பகுதிக்கு வரும்போது அந்தக் கை தடுமாறுகின்றது. மணியம் கேரளத்திலிருந்து வருகின்றான். ஆயினும் அவன் பெயரும், அவனைச் சூழ்ந்தோரின் பெயரும் வழக்கமும் நம் தோட்டத் தமிழருடையவை. மலையாளியும் தமிழனும் தெலுங்கனும் ஆசிரியருக்கு ஒரே உருவமாய்த் தோன்றினர் போலும். மலாய்க் குடிசையின் உள்ளறை வரை சென்று எழுதியவர், தமிழன் வீட்டு வாசலில் நின்றே எழுதியிருக்கின்றார். கப்பலில் வந்தோர் யாவரும் தாழ்த்தப்பட்ட ஒரே சாதியார் என்றும், அதனால் தீட்டு என்னும் அச்சமின்றித் தம்முள் பழகினர் என்றும் அவர் கூறும் இடமே பூசலுக்கு வித்தாயிற்று. அவ்விடத்தில் அவர் ஆண்ட சொல் 'பாரியா' என்பது.

வரலாற்றை நோக்க இது பிழை. கங்காணி முறையில் தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தவருள் ஆதிதிராவிடர் மிகுதியே. ஆயினும் வன்னியர், கள்ளர், கவுண்டர், அகம்படியர் எனப் பலரும் வந்தனர். தீட்டையும் மூட்டையில் கட்டிக்கொண்டே வந்தனர். தோட்டங்களில் லயம் பிரித்துக் குடியிருந்ததும், கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்குச் சண்டையிட்டதும், பெண் கொடுக்கும்போது ஊரையும் பிரிவையும் துருவியதும் இங்கே நடந்தவைதாம். நான் வளர்ந்த தோட்டத்தில் மேட்டு லயத்தார் பள்ளத்து லயத்தில் கை நனைக்க மாட்டார்கள். கப்பலேறியதும் சாதி கரைந்தது என்று எழுதிய மலாய் ஆசிரியர், நம்மைப் பற்றி உண்மையைவிட நல்லதாகவே எண்ணிவிட்டார் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. அது முழு வேடிக்கை அன்று.

அச்சொல்லின் வரலாறும் தமிழாசிரியர்கள் எண்ணத் தக்கது. பறை என்பது இசைக்கருவி. புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, துடியன், பாணன், கடம்பன் என்னும் குடிகளோடு பறையனையும் இழிவின்றி வைத்துக் கூறுகின்றது. பிற்காலத்தே சாதிக் கொடுமை அப்பெயரை இழிசொல்லாக்கிற்று. இந்தியாவிற்கு வந்த ஐரோப்பியர் நம் ஊரார் வாயிலிருந்து அதனைக் கேட்டுத் தம் மொழிகளில் ஒதுக்கப்பட்டவனுக்கும் தெருநாய்க்கும் பெயராக்கினர். அதே வசைப்பொருளோடு அது மலாய் மொழியிலும் வழங்குகின்றது. ஒரு குடியின் பெயர் கடல் கடந்து வசையாகி, அக்குடியின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பாடநூலுக்குள் திரும்பி வந்தது. இந்த வழி நெடுகிலும் முதல் அடி வைத்தவர் யார் என்று கேட்டால் விடை நம் பக்கமே வருகின்றது.

2011-இல் எழுந்த எதிர்ப்புக் குரல் ஒன்றுபோல் ஒலித்தாலும், அதனுள் இரண்டு குரல்கள் இருந்தன. எந்த மனிதனையும் அச்சொல்லால் இழிக்கலாகாது என்பது ஒன்று. எங்களையும் அவர்களோடு சேர்த்தெண்ணலாமா என்பது மற்றொன்று. முன்னது நீதி கேட்பது. பின்னது நாவலாசிரியர் செய்யாத இழிவையும் தானே செய்வது. இரண்டும் ஒரே பதாகையின் கீழ் நடந்தன. பின்னதை வாய்விட்டுச் சொன்னோர் சிலரே. மனத்துள் வைத்திருந்தோர் எத்தனை பேர் என்பது அவரவர் அறிவர்.

இனி, அந்நூலை விலக்கியது சரியா? 2011 ஜனவரியில் திருத்தங்களுடன் நூல் நீடிக்கும் என்றது அரசாங்கம். எதிர்ப்புத் தணியவில்லை. டிசம்பரில் நூல் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. இதனை எழுத்துரிமைக்கு நேர்ந்த கேடு என்று வருந்திய அறிஞர்கள் உண்டு. தமிழர்க்குக் கிடைத்த வெற்றி என்று மகிழ்ந்தோர் உண்டு. இரு சாராரும் நடந்தது தடை என்றே கொண்டனர். நடந்தது தடை அன்று என்பது என் கருத்து.

இதற்குத் துணையாகத் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. நான்காண்டு யாரும் எதுவும் சொல்லவில்லை. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி எழுந்தது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சில் ஆசிரியரிடம் வருத்தமும் உறுதிமொழியும் எழுதி வாங்கப்பட்டன. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்து எழுத்தைத் துறந்தார். அரசாணை எதுவுமின்றியே ஒரு நூல் தடையுண்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலையில் அளித்த தீர்ப்பில் அந்த உறுதிமொழி செல்லாது என்றாயிற்று. பிடிக்காத நூலைப் படிக்கவேண்டும் என்னும் கட்டாயம் எவர்க்கும் இல்லை. மூடி வைத்துவிடலாம் என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று.

படிக்கும் கட்டாயம் இல்லை என்பதை நாம் இறுகப் பற்றிக்கொள்ளல் வேண்டும். கடையிலும் நூலகத்திலும் உள்ள நூலை மூடி வைத்துவிட்டு நான் எழுந்து போகலாம். எஸ்.பி.எம். தேர்வுக்கு வைத்த நூலைப் பதினேழு வயதுப் பிள்ளை மூடி வைக்க முடியுமா? வாங்கவேண்டும், படிக்கவேண்டும், பாத்திரங்களின் பண்பு யாதெனத் தேர்வில் எழுதவேண்டும். நம் தோட்டப் பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றது. அங்கே நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மூவரோ நால்வரோ இருப்பர். ஆசிரியர் அப்பக்கத்தை உரக்கப் படிக்கின்றார். மற்றவர் தலைகள் திரும்புகின்றன. மணி அடித்த பின் திடலில் அச்சொல் எந்தப் பொருளில் திரும்பி வரும் என்பதை அறிய மனநூல் கற்றிருக்க வேண்டுவதில்லை. ஒரு வாரம் பள்ளித் திடலில் நின்றவர்க்குத் தெரியும். ஆசிரியப் பயிற்சியில் பாடநூல் தேர்வைப் பற்றி நாங்கள் கற்றது, நூலின் தரத்தோடு மாணவனின் வயதும், அவன் அமர்ந்திருக்கும் வகுப்பும் சேர்த்து நோக்கப்படல் வேண்டும் என்பது. ஒரு நூல் நல்ல நூலாயிருக்கலாம்; அப்பாடத்திற்கு ஆகாததாயிருக்கலாம். அதனை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தல் கல்வித் துறையின் அன்றாட வேலை.

இவ்வழக்கில் ஒரு செய்தி பலர் நினைவில் இல்லை. இண்டர்லோக்கின் இடத்தில் வைக்கப்பட்டது 'கொன்செர்தோ தெராக்கிர்' என்னும் நாவல். அதனை எழுதியவரும் அதே அப்துல்லா ஹுசைனே! எழுத்தாளர் விலக்கப்படவில்லை, அவருடைய பழைய நூல் சட்டத்தால் தடுக்கப்படவும் இல்லை. விரும்புவோர் படிக்கலாம். ஆகவே அங்கே உரிமை கெடவில்லை, கட்டாயம் நீங்கிற்று.

ஆயின் எதிர்ப்பாளர் செய்த ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. நூலின் பக்கங்களையும் ஆசிரியரின் படத்தையும் தெருவில் எரித்தனர் சிலர். அப்போது அப்பெரியவருக்குத் தொண்ணூறு வயது. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தப் புகையை நாற்பதாண்டு கடந்தும் மறவாத இனம், ஒரு நூலுக்குத் தீ வைக்கக் கூசியிருக்க வேண்டும். பாடத்திட்டத்தினின்று எடுக்கச் சொல்லும் விண்ணப்பமும், பக்கத்தைக் கொளுத்தும் தீக்குச்சியும் ஒரே கோரிக்கையின் இரு வடிவங்கள் அல்ல. ஒன்று, இதனை என் பிள்ளை மேல் சுமத்தாதே என்பது. மற்றது, இது எவர் கண்ணிலும் படலாகாது என்பது.

எவர் கண்ணிலும் படலாகாது என்று சட்டமே சொன்னால் எப்படியிருக்கும் என்பதை அறியத் தமிழர் வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவை அடுத்த கம்போங் மேடான் பகுதியில் நடந்த வன்முறையில் அறுவர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இந்தியர். அந்நிகழ்ச்சியைக் குறித்துக் கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' என்னும் நூலை 2006-இல் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு தடை செய்தது. ஆசிரியர் நீதிமன்றம் சென்றார்; தடை நீங்கவில்லை. 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தம் முழு விருப்பப்படி ஒரு வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளிக்கின்றது. தடுக்கப்பட்ட நூலைத் தக்க காரணமின்றி வைத்திருப்போர்க்கு 5,000 வெள்ளி வரை தண்டம். அச்சிட்டாலோ விற்றாலோ மூன்றாண்டு வரை சிறையோ, 20,000 வெள்ளி வரை தண்டமோ, இரண்டுமோ.

மெய்யான தடை இதுதான். இங்கே பாடமும் இல்லை, தேர்வும் இல்லை, கட்டாயமும் இல்லை. வளர்ந்த ஒருவர், தம் மொழியில், தம் இனத்தார் மாண்டதைப் பற்றிப் படிக்கலாகாது என்பதே ஆணை. இண்டர்லோக்கிற்காக எழுந்த குரலில் கால் பங்கேனும் 'மார்ச் 8' நூலுக்காக எழுந்ததா? நம்மை இழித்ததாகச் சொல்லப்பட்ட நூலைத் தடுக்க மன்றம் மன்றமாகக் கூடினோம். நம் துயரத்தை எழுதிய நூல் தடுக்கப்பட்டபோது செய்தித்தாளை மடித்து வைத்தோம். தடை கேட்டுப் பழகிய நாவுக்குத் தடையை எதிர்க்கும் சொல் எளிதில் வருவதில்லை.

தமிழிலக்கிய வரலாற்றில் தடைகள் என்ன ஆயின என்பதை ஆசிரியர்கள் அறிவர், விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாரதியாரின் பாடல் நூல்கள் 1928-இல் பறிமுதலாயின. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி வாதாடினார். இருபதாண்டு கழித்து, 1949-இல், அதே சென்னை அரசாங்கம் அவர் நூல்களின் உரிமையை நாட்டுக்கென ஏற்றது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-இல் வெளிவந்து 1948-இல் தடையுண்டு 1971-இல் விடுதலை பெற்றது. முன்னதைத் தடுத்தவர் வெள்ளையர்; பின்னதைத் தடுத்தவர் நம்மவர். ஆட்சி மாறியும் பழக்கம் மாறவில்லை.

அப்படியாயின் எந்த நூலையும் எந்நாளும் தடுக்கலாகாதோ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ருவாண்டாவில் 1994-ஆம் ஆண்டுப் படுகொலைக்கு முன் 'காங்குரா' என்னும் இதழ் ஓர் இனத்தாரைப் பகைவராகக் காட்டி நஞ்சூட்டி வந்தது. கொலைக்கு வழிகாட்டும் எழுத்தும் உண்டு என்பதற்கு அது சான்று. அதனைத் தடுத்தல் தகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயின் அவ்விதழாசிரியர் 2003-இல் தண்டனை பெற்றது திறந்த நீதிமன்றத்தில், எழுத்து எழுத்தாக எடுத்து வைக்கப்பட்டு, மறுமொழி கேட்கப்பட்ட பின்னர். தடுப்பவர் தாம் படித்ததைக் காட்டல் வேண்டும். எந்த வரி எவர் உயிருக்குக் கேடு என்று சொல்லல் வேண்டும். எதிர்வாதம் கேட்டல் வேண்டும். மனம் புண்பட்டது என்னும் ஒன்றே காரணமாயின், நம் பத்துப்பாட்டு முதல் பாரதிதாசன் வரை அலமாரியில் எஞ்சுவது எது? எல்லா நூலிலும் யாரோ ஒருவர் புண்படுவதற்கு ஏதோ ஒன்று இருக்கும். அமைச்சரின் முழு விருப்பம் என்பது மேற்சொன்ன மூன்றில் ஒன்றையும் கேட்பதில்லை. ஆகவே அது தகாது.

இண்டர்லோக் பாடமாயிருந்து நீங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. நூல் போயிற்று, அதன் மீதான ஆராய்ச்சியும் உடன் போயிற்று. அப்பகுதி ஏன் பிழை என்று மலாய் மாணவர்க்கு எவரும் சொல்லவில்லை. கப்பலில் வந்தவன் உண்மையில் யார், கங்காணி அவனை எப்படி அழைத்து வந்தான், எத்தனை காசு கூலி என்பவற்றைச் சொல்லும் வேறு கதை அவர்கள் கைக்குச் செல்லவில்லை. கதை இல்லாமலா? நம் சுங்கைப் பட்டாணிப் பக்கத்துச் சீ. முத்துசாமி 'மண்புழுக்கள்' எழுதியிருக்கின்றார். கோ. புண்ணியவான் 'செலாஞ்சார் அம்பாட்' எழுதியிருக்கின்றார். தோட்டத்தை வாசலில் நின்று பார்த்தவர்களல்லர் இவர்கள். 1946, 47-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடையை மறித்த செய்தி ஒன்றே ஒரு பெரிய நாவலுக்குப் போதும். ஜெராய் மலைக்கு அப்பாலிருந்து எழுதியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை என்று சொல்லலாம். இப்பால் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இடைநிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர், இண்டர்லோக்கின் பழைய பதிப்பொன்று கிடைத்தது, நூலகத்தில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். ஆறாம் படிவ மாணவர்க்கு வையுங்கள் என்றேன். மூன்றாம் பகுதியை அவர்களோடு அமர்ந்து படியுங்கள். பக்கத்திலேயே 'மண்புழுக்களை' வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மலாய் மொழி ஆசிரியரையும் அழைத்து வாருங்கள் என்றும் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கி, பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது என்றார். பெற்றோரையும் அழையுங்கள் என்றேன்.